குடி மட்டும் பார்த்தா காணாது: கலியாணத்துக்கு முதல் வீட்டுப் பரம்பரை மரம் கீறுற விதம்

எங்கட மட்டக்களப்புப் பக்கம் கலியாணப் பேச்சு எடுத்தா முதல் கேள்வி என்ன குடி, அதாவது தாய்வழியா இறங்குற எந்தக் குலம் எண்டுதான். மறுகா சாதகம், மறுகா வீடு வளவு, மறுகா பொடியனுக்கு என்ன வேல. எல்லாம் பேசி முடிச்சி நாளும் வெச்சாப் பிறகும் ரத்தத்த பத்தி ஒரு ஆளும் ஒரு வார்த்த கேக்கிறதில்ல. நான் களுவாஞ்சிக்குடி பக்கம் ஏ.எல் பிள்ளைகளுக்கு பயோ படிப்பிக்கிறன், ஆட்சி பின்னிடைவு எண்டு போட்ல வருஷக்கணக்கா எழுதி அழிக்கிற ஆள், ஆனா என்ட தங்கச்சிக்கு மாமாட மகனப் பேசின நேரம்தான் எங்கட வீட்டுக்கு அந்தக் கணக்க ஒரு நாளும் போட்டுப் பார்க்கல்லயே எண்டு மண்டையில அடிச்சிச்சி.

பெத்தா (அம்மாட அம்மா) சொன்னா, "ஒரே குடி இல்லத்தானே மனே, பிறகென்ன?" குடிக் கணக்குல அவ சொன்னது சரிதான். மாமா எங்கட குடி, ஆனா மாமாட பிள்ளைகள் மாமிட குடி, அதனால தாராளமாக் கட்டலாம். ஆனா ரத்தத்துக்கு குடி தெரியா. தங்கச்சிக்கும் மச்சானுக்கும் ஒரே பெத்தா, ஒரே பெத்தப்பா, அவங்க வழியா வந்ததால தங்கச்சிட மொத்தப் பரம்பரையலகுல (ஜீன்) எட்டுல ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம் சராசரியா மச்சானுக்கும் பொதுவா இருக்கும். மாமா மகனா இருந்தாலும் சரி மாமி மகளா இருந்தாலும் சரி இந்தக் கணக்கு மாறாது.

அதுக்காக சொந்தத்துல கட்டாதீங்க எண்டு சொல்ல வரல்ல, அத முதலே சொல்லி வெக்கிறன், இல்லாட்டி பாதியில எழும்பிப் போயிருவீங்க. எந்தச் சோடிக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் பிறவிக் கோளாறு வாற சான்ஸ் 100க்கு 2, 3 இருக்கு. மச்சான் மச்சாள் கட்டினா அது 4 தொடக்கம் 6 வரை போகும். அப்பிடிப் பார்த்தா 94க்கு மேல நல்லாத்தான் பிறக்கும். பிரச்சினை என்னெண்டா, உங்கட குடும்பத்துல ஒரு குறிப்பான வருத்தம் ஓடுதெண்டா இந்தச் சராசரிக் கணக்கு உங்களுக்கு இல்ல, உங்களுக்கு வேற கணக்கு. அது என்ன கணக்கெண்டு தெரியத்தான் மரம் கீற வேணும்.

சரி, வேலைக்கு வருவம். ஒரு டிமை தாள் (பெரிய தாள்) எடுங்க, கொப்பி ஒற்றை காணாது. பென்சிலும் அழிறப்பரும். பேனையால தொடங்காதீங்க, ஏனெண்டா பெத்தாமார் மூண்டாவது நாள்தான் "ஐயோ இடையில இன்னொரு பிள்ளையும் இருந்திச்சே" எண்டு சொல்லுவாங்க. ஆம்பிளைக்கு சதுரம், பொம்பிளைக்கு வட்டம். கட்டின ஆக்கள ஒரு கோட்டால தொடுங்க, சொந்தத்துக்குள்ள கட்டியிருந்தா ரெட்டைக் கோடு. பிள்ளைகள் அதுக்குக் கீழ, மூத்தது இடப்பக்கத்துல. வருத்தம் உள்ள ஆளுக்கு உள்ளுக்கு முழுக்கக் கறுப்பாக்குங்க, காவி, அதாவது வருத்தம் இல்லாம பிழைய மட்டும் சுமக்கிற ஆள் எண்டு டெஸ்ட்டுல உறுதியானா பாதி மட்டும். தவறின ஆளுக்கு குறுக்க ஒரு கீறு. ஆர வெச்சித் தொடங்குனீங்களோ அந்த ஆளுக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி. ஒவ்வொரு ஆளுக்கும் கீழ பிறந்த வருஷம், தவறின வயசு, என்னத்தால. ஆகக் குறைஞ்சது மூண்டு தலைமுறை, ரெண்டு பக்கமும். அம்மா பக்கத்த ஏழு தலைமுறைக்கு மடமடவெண்டு சொல்லிட்டு அப்பா பக்கம் வந்த உடன "அவங்க அந்தப் பக்கத்து ஆக்கள்" எண்டு கைய விரிக்கிறது எங்கட ஊர்ப் பழக்கம், அத விட்டுக் குடுக்காதீங்க.

கேக்கிற இடமும் நேரமும் முக்கியம். சம்பந்தி வீட்டாக்கள் வந்திருக்கிற நேரம் பேச்செடுத்தா செத்தாலும் உண்மை வராது. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு எல்லாரும் ஊருக்கு வந்து வீட்டுல பாய் விரிச்சிப் படுத்திருக்கிற இரவு, இல்லாட்டி செத்த வீட்டு 31ம் நாள் செலவுக்கு கூடி இருக்கிற நேரம், வெத்திலைத் தட்டத்துக்குப் பக்கத்துல இருந்து மெதுவாத் தொடங்குங்க. "எங்கட குடும்பத்துல என்ன வருத்தம் இருக்கு" எண்டு கேட்டா "ஒண்டும் இல்ல" எண்டுதான் பதில் வரும். வேற மாதிரிக் கேக்கோணும். சின்னதுலயே தவறின பிள்ளைகள் ஆரும் இருக்கா, கரு கன தரம் அழிஞ்சது ஆருக்கும் நடந்திச்சா, ஆருக்கும் அடிக்கடி ரத்தம் ஏத்துனாங்களா, பல்லுப் புடுங்கினா ரத்தம் நிக்காம கிடந்த ஆரும், 50 வயசுக்கு முதல் நெஞ்சு வலியில விழுந்த ஆரும், காது கேளாம பிறந்த ஆரும், ஆறு விரல் ஆருக்கும். தோஷம், கண்ணூறு, செய்வினை எண்டு சொல்லுவாங்க, மறுத்துக் கதைக்காதீங்க, அவங்க சொன்ன சொல்ல அப்பிடியே எழுதிட்டு "எத்தின வயசுல? ஆள் பார்க்க எப்பிடி இருந்தாரு?" எண்டு மட்டும் கேளுங்க. என்ட பெத்தா அப்பிடித்தான் ஒரு விசயம் சொன்னா, அவக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும் இருந்ததாம், ஒண்டு நாலு வயசுல, ஒண்டு ஆறு வயசுல தவறினதாம், முகம் வெளிறி வயிறு முன்னுக்குத் தள்ளி, பேய் பிடிச்ச எண்டு நூல் கட்டினதாம். அறுபது எழுபது வருஷமா அது எங்கட வீட்டுல பேய்க் கதையாத்தான் இருந்திச்சி. எனக்கு அந்த வயிற்ற பத்திச் சொன்ன உடன கை விறைச்சிப் போச்சி, ஏனெண்டா அது மண்ணீரல் வீக்கம், சின்னப் பிள்ளைக்கு வெளிறலும் மண்ணீரல் வீக்கமும் சேர்ந்து வந்தா, அதுவும் ஒரே தாய் தகப்பன்ட ரெண்டு பிள்ளைக்கு வந்தா, முதல் யோசிக்க வேண்டிய வருத்தங்கள்ல ஒண்டு தலசீமியா, உடம்பு ஹீமோகுளோபின சரியாச் செய்ய ஏலாத பரம்பரை ரத்த வருத்தம்.

மட்டக்களப்பு அம்பாறையில மரம் கீறுற ஆக்களுக்கு இன்னொரு விசயம் இருக்கு, வேற ஊர்ப் புத்தகத்துல இது இருக்காது. எங்கட மரத்துல குறுக்குக் கீறு கூட. யுத்தத்துல போனவங்க, காணாமப் போனவங்க, 2004 மார்கழி 26ல கடல் கொண்டு போனவங்க. கல்லடியிலயும் கல்முனையிலயும் ஒரே நாள்ல மூண்டு தலைமுறையும் போன குடும்பங்கள் இருக்கு. அவங்களுக்குக் கீறு போடுற நேரம் பக்கத்துல "சுனாமி" எண்டோ "பிரச்சினை நேரம்" எண்டோ கட்டாயம் எழுதுங்க, இல்லாட்டி பத்து வருஷம் கழிச்சி அந்தத் தாளப் பார்க்கிற டொக்டர் 22 வயசுல தவறின பொடியன வருத்தத்துல தவறினதா எண்ணுவாரு. காணாமப் போன ஆளுக்கு கீறு போட வேணாம் எண்டு அம்மா சொன்னா போடாதீங்க. ஒரு கேள்விக்குறி காணும்.

இப்ப விகாரம் எண்டா என்ன எண்டு கொஞ்சம் பார்ப்பம். எங்கட பாடப்புத்தகத்துல மியூட்டேசனுக்கு விகாரம் எண்டு பேர் வெச்சது எனக்குப் பெரிய கோவம், சொல்லக் கேட்ட உடன அசிங்கமான ஒண்டு எண்டுதான் பிள்ளைகளுக்குப் படுது. உண்மையில அது எழுத்துப் பிழை, அவ்வளவுதான். ஏ, டி, ஜி, சி எண்டு நாலே எழுத்து, தாய்க்கிட்ட இருந்து ஒரு தொகுதி 300 கோடி எழுத்து, தகப்பனிட்ட இருந்து இன்னொரு தொகுதி 300 கோடி. அதுக்குள்ள புரதம் செய்யிற பரம்பரையலகு ஒரு 20,000. இவ்வளவையும் கொப்பி பண்ணுற நேரம் பிழை விழாம இருக்குமா? பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையிலயும் தாய் தகப்பன்ல இல்லாத புதுப் பிழை ஒரு 60, 70 இருக்கு, அதுல கூடுதலானது தகப்பன் பக்கத்தால வாறது, தகப்பனுக்கு வயசு கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். பிள்ளைக்கு ஒண்டெண்டா தாயத் திட்டுற மாமிமார் இந்த வசனத்த ரெண்டு தரம் வாசிங்க.

கூடுதலான பிழை ஒண்டும் செய்யாது. சிலது நாங்க சோத்துல போட்டுத் தின்னுறம். நெல்லு ஆதியில சிவப்பு. ஒரு பரம்பரையலகுல 14 எழுத்து விழுந்து போனதாலதான் உலகத்துல உள்ள வெள்ளை அரிசி பெரும்பாலானது வெள்ளையாச்சி. சிவப்பையும் வெள்ளையையும் ஒட்டினா முதல் தலைமுறை முழுக்கச் சிவப்பாத்தான் நிக்கும், வெள்ளை எங்க போச்சி எண்டு தேடுவீங்க, அதத் திருப்பி விதைச்சா நாலு பயிருல ஒண்டு வெள்ளையா வரும். ஒளிச்சிருந்து பேரப்பிள்ளையில தலைகாட்டுற இந்த விளையாட்டுக்குத்தான் பின்னிடைவு எண்டு பேர். மெண்டல் 1866ல பட்டாணியில எழுதினத நாங்க வயலுக்குள்ளயே பார்க்கலாம்.

இன்னொண்டு எங்கட எருமைத் தயிர். பால் குடிச்சா வயிறு கடமுடா எண்டு சத்தம் போடுற ஆள் ஒரு சட்டி தயிர சீனி போட்டு வழிச்சி நக்கிட்டு சுகமாப் படுப்பாரு, ஏன்? சின்னப் பிள்ளையில பால்ச்சீனிய உடைக்கிற நொதியம் எல்லாருக்கும் இருக்கு, வளர்ந்தாப் பிறகு உலகத்துல மூண்டுல ரெண்டு பங்கு ஆக்களுக்கு அது குறைஞ்சிரும், அதுதான் இயல்பு. சில ஆக்களுக்கு ஒரு எழுத்து மாறி அந்த சுவிச் அணையாம கிடக்கு, அவங்கதான் விகாரக்காரர், பால் குடிச்சா ஒண்டும் செய்யாது. தயிருல பக்டீரியா அந்தச் சீனியில ஒரு பங்க முதலே தின்னுட்டு. அதே மாதிரி ஓ குறூப் ரத்தக்காரர் கனபேர் இருக்கம் பாருங்க, அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு ஜி எழுத்து விழுந்து வேல செய்யாமப் போன ஏ குறூப் பரம்பரையலகுதான். ஆருக்காவது நட்டமா? இல்லயே.

நட்டம் வாறது வேற இடத்துல. இப்ப கீறின மரத்த கொஞ்சம் தள்ளி வெச்சிப் பாருங்க, கறுப்புப் புள்ளி எப்பிடி இறங்கி வருது எண்டு.

ஒவ்வொரு தலைமுறையிலயும் ஆம்பிள பொம்பிள வித்தியாசமில்லாம, வருத்தக்காரருக்குப் பிறந்த பிள்ளைகள்ல அரைவாசிக்குக் கிட்ட இருந்தா ஆட்சி, அதாவது தாய் தகப்பன்ல ஒராள்ட பிழை மட்டும் வந்தாலே வெளியில தெரியிற வகை. ஆறு விரல் கனக்க அப்பிடித்தான், அதால பெரும்பாலும் ஒரு கேடும் இல்ல, அதிர்ஷ்டம் எண்டு வேற சொல்லுவாங்க. ஆனா பெரியப்பா 42ல, அவரிட அப்பா 45ல, அத்தை 50ல எண்டு நெஞ்சு வலி வரிசையா இறங்குதெண்டா சும்மா விடாதீங்க, பரம்பரையா வாற கொலஸ்ட்ரோல் எண்டு ஒண்டு இருக்கு, ஏறத்தாழ 250 பேருல ஒராளுக்கு, மெல்லிசா இருக்கிற ஆளுக்கும் வரும், எல்.டி.எல் எண்டுற கெட்ட கொலஸ்ட்ரோல் 190க்கு மேல நிக்கும். குளிசை போட்டா கட்டுப்படுத்தலாம், ஆனா தெரிஞ்சாத்தானே போடலாம்.

தாய் தகப்பன் நல்ல சுகம், ஆனா ஒரே வயித்துல ரெண்டு மூண்டு பிள்ளைக்கு வருத்தம், மேல ரெட்டைக் கோடு இருக்கு எண்டா பின்னிடைவு. தலசீமியா, தோலும் முடியும் வெள்ளையாப் பிறக்கிறது, பிறவியிலயே காது கேளாத சில வகை எல்லாம் இதுக்குள்ள.

ஆம்பிளைகளுக்கு மட்டும் வருது, பொம்பிளைகள் சுகம், ஆனா பொம்பிளைகள் வழியாத்தான் இறங்குது, தாய்மாமனுக்கு இருந்தது மருமகனுக்கு வருது எண்டா அது எக்ஸ் நிறமூர்த்தத்துல (குரோமோசோம்) இருக்கிற பிழை. ரத்தம் உறையாத வருத்தம், நிறக்குருடு, சில மருந்து பட்டா சிவப்பணு உடையிற ஜி6பிடி குறைபாடு. இது மட்டக்களப்பு ஆக்களுக்கு விளங்கப்படுத்த ஒரு நிமிசம் காணும். கோயில நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவி மாமன்ட கையால மருமகன்ட கைக்குப் போகும், மகனுக்குப் போகாது, அதே பாதைதான். ஒரு வித்தியாசம், வருத்தமுள்ள மாமன் தன்ட மகள்மார் எல்லாருக்கும் அந்த எக்ஸ்ஸ குடுத்திருவாரு, அவங்க காவி, பேரனுக்கு வரலாம். வண்ணக்கர் பதவி அந்தப் பக்கம் திரும்பியும் பாராது.

தாய்க்கு இருந்தா எல்லாப் பிள்ளைக்கும் போகும், தகப்பனுக்கு இருந்தா ஒரு பிள்ளைக்கும் போகாது எண்டா அது மைற்றோகொண்ட்ரியா, கலத்துக்குச் சக்தி செய்து குடுக்கிற, தனக்கெண்டு ஒரு சின்ன டி.என்.ஏ வெச்சிருக்கிற உறுப்பு. இந்த இடத்துல நான் வகுப்புல ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள நிப்பாட்டி ஒண்டு சொல்லுவன். பெத்தாக்கிட்ட இருந்து அம்மாக்கு, அம்மாக்கிட்ட இருந்து எனக்கும் தங்கச்சிக்கும், தங்கச்சிக்கிட்ட இருந்து அவட பிள்ளைகளுக்கு, என்னிட்ட இருந்து ஒருத்தருக்கும் இல்ல, இது குடி இறங்குற பாதைதானே? படையாண்ட குடி, உலகிப்போடி குடி, காலிங்கா குடி எண்டு நாங்க வயித்து வழியா எண்ணிக்கொண்டு வாறது அச்சு அசல் இந்த டி.என்.ஏ போற பாதை. அக்கரைப்பற்று, காத்தான்குடி பக்கம் சோனக (முஸ்லிம்) ஆக்களுக்கும் தாய்வழிக் குடி இருக்கு, அவங்களுக்கும் இது பொருந்தும். ஆனா அந்த டி.என்.ஏல இருக்கிறது 16,569 எழுத்து, 37 பரம்பரையலகு. மிச்சம் 20,000மும் நாலு பெத்தா பெத்தப்பாமாருக்கிட்ட இருந்தும் கலந்து வாறது. குடி பார்க்கிற எண்டா 37ஐப் பார்த்திட்டு 20,000த்த விடுற கணக்கு. பெரியாக்கள் குடி வெச்சதுக்குக் காரணம் வேற, கோயில் உரிமை, காணி, மரியாதை, அத வருத்தம் பார்க்கிற கருவியா நாங்கதான் பிழையாப் பாவிக்கிறம்.

சீனி வருத்தம், பிரஷர் இந்த ஒரு கோலத்துக்குள்ளயும் வராது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றம், அதோட சோறு, நடக்காத கால், வயசு எல்லாம் சேர்ந்து வாற ஒண்டு. மரத்துல எழுதி வையுங்க, அப்பாக்கும் அம்மாக்கும் இருந்தா உங்கட ரத்தச் சீனிய நேரத்தோட பாருங்க, அதுக்கு மேல மரத்தால ஒண்டும் சொல்ல ஏலா.

தலசீமியா கணக்கு விளங்க வீட்டுல ஒரு விளையாட்டு. ரெண்டு புளியங்கொட்டை எடுத்து தாயம் விளையாடத் தேய்க்கிற மாதிரி ஒரு பக்கத்த சீமெந்துத் தரையில தேய்ச்சி வெள்ளையாக்குங்க. ஒரு கொட்டை அம்மா, ஒரு கொட்டை அப்பா, ரெண்டு பேரும் காவி. கறுப்புப் பக்கம் நல்ல கொப்பி, வெள்ளைப் பக்கம் பிழை விழுந்த கொப்பி. ரெண்டையும் சேர்த்து எறியுங்க. ரெண்டும் வெள்ளை விழுந்தா அந்தப் பிள்ளைக்கு வருத்தம், நாலுல ஒண்டு. ஒண்டு கறுப்பு ஒண்டு வெள்ளை எண்டா காவி, நாலுல ரெண்டு. ரெண்டும் கறுப்பெண்டா ஒண்டுமில்ல. நாப்பது தரம் எறிஞ்சி எழுதிப் பாருங்க, ரெண்டு வெள்ளை தொடர்ந்து மூண்டு தரம் விழுற நேரமும் வரலாம். "முதல் பிள்ளைக்கு வந்திட்டு, இனி மூண்டு பிள்ளைக்கு வராது" எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இத எறிஞ்சி காட்டுங்க, கொட்டைக்கு முதல் எறிஞ்சது ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு வயித்துக்கும் புதுசா நாலுல ஒண்டு.

இதுலயே இன்னொரு கணக்கும் இருக்கு, பரீட்சையில பிள்ளைகள் வழுக்கி விழுற இடம். பெத்தாட தம்பிக்கும் தங்கச்சிக்கும் வருத்தம் இருந்திச்சி, பெத்தா 80 தாண்டி நல்லா இருக்கா. அவ காவியா இருக்க சான்ஸ் எவ்வளவு? அரைவாசி எண்டு சொல்லாதீங்க. ரெண்டு வெள்ளை விழுந்த எறியல்ல அவ இல்ல எண்டு ஏற்கனவே தெரியும், அதக் கழிச்சா மிச்சம் மூண்டு, அதுல ரெண்டு காவி. மூண்டுல ரெண்டு. அம்மாக்கு அதுல பாதி, மூண்டுல ஒண்டு. மாமாக்கும் மூண்டுல ஒண்டு.

இனி பழைய ரிப்போட்டுகள எடுங்க. கர்ப்பத்துக்கு எடுத்தது, காய்ச்சலுக்கு எடுத்தது எண்டு எல்லார்ட வீட்டு அலுமாரியிலயும் எஃப்.பி.சி (முழு ரத்தக் கலக் கணக்கு) ரிப்போட் நாலு கிடக்கும். ஹீமோகுளோபின மட்டும் பார்த்திட்டு மூடாதீங்க, எம்.சி.வி (சிவப்பணுட சராசரிப் பருமன்) 80க்குக் கீழயா, எம்.சி.எச் (ஒரு சிவப்பணுவுல இருக்கிற சராசரி ஹீமோகுளோபின்) 27க்குக் கீழயா எண்டு பாருங்க. ரெண்டும் குறைவெண்டா ரெண்டு காரணம் முன்னுக்கு நிக்கும், இரும்புச்சத்துக் குறைவு, இல்லாட்டி தலசீமியாக் காவி. ஒரு சின்னக் கணக்கு, எம்.சி.விய சிவப்பணு எண்ணிக்கையால வகுங்க. தங்கச்சிட ரிப்போட்டுல எம்.சி.வி 66, சிவப்பணு 5.7, வகுத்தா 11.6. 13க்குக் கீழ வந்தா தலசீமியாப் பக்கம் சாயுது, மேல வந்தா இரும்புப் பக்கம். இது தடயம் மட்டும்தான், தீர்ப்பில்ல. தீர்ப்பு ஹீமோகுளோபின் வகைகளப் பிரிச்சி அளக்கிற எச்.பி.எல்.சி எண்டுற டெஸ்ட்டுல, அதுல ஹீமோகுளோபின் ஏ2 எண்டுற வகை 3.5 வீதத்துக்கு மேல இருந்தா பீட்டா தலசீமியாக் காவி. கடும் இரும்புக் குறைவு இருந்தா ஏ2 கீழ இறங்கி காவிய மறைச்சிப் போடும், அதனால டொக்டர் முதல் இரும்ப சரி பண்ணிட்டு வாங்க எண்டு சொன்னா அலைக்கழிக்கிறாரு எண்டு நினைக்காதீங்க. என்ட அம்மாக்கு "ரத்தம் குறைவு, ரத்தம் குறைவு" எண்டு ஒரு இடத்துல வருஷக்கணக்கா இரும்புக் குளிசை குடுத்தாங்க, ஒரு ஆளும் ஏன் ஏறுதில்ல எண்டு கேக்கல்ல, அவக்கும் கேக்கத் தெரியா. இத வாசிச்சிட்டு கர்ப்பமா இருக்கிற ஆக்கள் குளிசைய நிப்பாட்டிப் போடாதீங்க, கேட்டிட்டுச் செய்யுங்க.

எங்க போறது எண்டா உங்கட எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல இல்லாட்டி மிட்வைஃப்கிட்ட கேளுங்க, வழி சொல்லுவாங்க. தேசிய தலசீமியா மையம் குருநாகல்ல இருக்கு. தலசீமியா இல்லாத வேற பரம்பரைச் சிக்கல் எண்டா கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துல மனித மரபியல் பிரிவு இருக்கு. எங்க போனாலும் அந்த டிமை தாளச் சுருட்டிக் கையோட கொண்டு போங்க, டொக்டர் கேக்கிற கேள்வியில பாதிக்கு விடை அதுல இருக்கும்.

ஒரு தந்திரம் சொல்லுறன். தலசீமியாவுல ஒரு ஆள் காவி இல்ல எண்டு உறுதியானாக் காணும், மற்ற ஆள் காவியா இருந்தாலும் பிள்ளைக்குக் கடும் வருத்தம் வராது. அதனால முதல் பொடியனுக்குச் செய்யுங்க. அவர் காவி இல்லாட்டி அந்தக் கலியாணத்துக்குப் பொட்டைட ரிப்போட்ட ஒருத்தரும் கையில எடுக்கத் தேவையில்ல. எங்கட ஊர்ல பொடியன் காவி எண்டா "ஒரு சின்ன விசயம்", பொட்ட காவி எண்டா "வருத்தக்காரி" எண்டு நாலு தெருவுக்குக் கேக்கும், அது தெரிஞ்சிதான் சொல்லுறன். காவி வருத்தக்காரர் இல்ல, கொஞ்சம் வெளிறல் இருக்கும், மற்றப்படி 90 வயசு வரைக்கும் வயல் செய்யலாம். ரிப்போட்ட குடும்ப வைபர் குறூப்புல போடுற வேலைய தயவு செய்து செய்யாதீங்க.

கவனிக்க வேண்டிய ஒண்டு, ரெண்டு பேருக்கும் ஒரே பேர் வந்தாத்தான் பிரச்சினை எண்டில்ல. ஒராள் பீட்டா தலசீமியாக் காவி, மற்ற ஆள் ஹீமோகுளோபின் ஈ (இன்னொரு வகை ஹீமோகுளோபின் பிழை) காவி எண்டாலும் பிள்ளைக்கு வருத்தம் வரலாம், இலங்கையில தலசீமியா நோயாளிகள்ல கணிசமான ஆக்கள் அந்த வகைதான். கடும் தலசீமியாப் பிள்ளைக்கு மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா வாழ்க்கை முழுக்க ரத்தம், அந்த ரத்தத்தால சேருற இரும்ப வெளியேத்த மருந்து. பரம்பரையலகையே திருத்துற சிகிச்சை 2023 கடைசியில பிரித்தானியாவுல அனுமதி எடுத்திச்சி, அடுத்த மாசங்கள்ல அமெரிக்காவுலயும், அங்க விலை ஒராளுக்கு 22 லட்சம் டொலர், ஆக எங்களுக்கு இப்போதைக்கு அது பேப்பர்ல வாசிக்கிற விசயம். வயித்துல இருக்கிற நேரமே பிள்ளைக்கு டெஸ்ட் செய்யிற வழி உலகத்துல இருக்கு, ஆனா எங்கட நாட்டுல 1883ல எழுதின தண்டனைச் சட்டக்கோவை தாயிட உயிரக் காப்பாத்த மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம் குடுக்குது. அதனாலதான் கலியாணத்துக்கு முதல் எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறன், தெரிஞ்சிக்கிட்டு என்ன முடிவெடுக்கிற எண்டது அந்த ரெண்டு பேர்ட வேல, மாமாமாரிட வேல இல்ல.

இவ்வளவு கெடுதியான பிழை ஏன் அழிஞ்சு போகல்ல எண்டு ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேக்கும், நல்ல கேள்வி. விடை நுளம்பு. தலசீமியாக் காவிட ரத்தத்துல மலேரியாக் கிருமிக்கு வசதி குறைவு, மலேரியா காய்ச்சல் ஊரையே தின்னுற காலத்துல காவிகள் தப்பினாங்க, பிள்ளை பெத்தாங்க. 1949ல ஹால்டேன் எண்டுற விஞ்ஞானி இத முதல் சொன்னாரு, உலக வரைபடத்துல மலேரியா இருந்த இடமும் தலசீமியா இருக்கிற இடமும் ஒண்டுக்கு மேல ஒண்டு படியுது. காவிக்கு லாபம், ரெண்டு கொப்பியும் கெட்ட பிள்ளைக்கு சாவு, இந்த ரெண்டும் தராசு மாதிரி நிண்டு பிழைய ஊருக்குள்ள வெச்சிருந்திச்சி. கூர்ப்பு (பரிணாமம்) எண்டா இவ்வளவுதான், திட்டமும் இல்ல, இரக்கமும் இல்ல. வயல்ல ஒரே புல்லுக்கு ஒரே எண்ணெய (களைகொல்லிய) வருஷா வருஷம் அடிச்சா தப்பின புல்லு மட்டும் விதைச்சி மறுகா எண்ணெய்க்கே சாகாத புல்லு வாறதும் இதே கணக்குத்தான். 2016ல இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லிட்டு. நுளம்புச் சண்டை முடிஞ்சிட்டு, கேடயம் மட்டும் எங்கட ரத்தத்துக்குள்ள கிடக்கு.

மரத்துல புற்றுநோய் எழுதுற நேரம் ஒரு கவனம். கூடுதலான புற்றுநோய் பரம்பரையா வாறதில்ல, உயிரோட இருக்கிற காலத்துல உடம்புக் கலத்துக்குள்ள விழுற பிழை, அது பிள்ளைக்குப் போகாது. வெத்திலை பாக்கு புகையில போட்டு வாயில புற்று வந்த பெத்தப்பாவ கறுப்பாக்கி பேரனப் பயப்படுத்தாதீங்க, பேரன் பாக்கு சப்புறானா எண்டு பாருங்க. ஆனா மார்புப் புற்று, சூலகப் புற்று ஒரே பக்கத்துல ரெண்டு மூண்டு பேருக்கு, அதுவும் 50க்கு முதல் எண்டா அது வேற, டொக்டரிட்ட சொல்லுங்க. அது தகப்பன் வழியாவும் இறங்கும், அத்தைமார்ட கதைய விட்டிராதீங்க.

எங்கட வீட்டுக் கதை எப்பிடி முடிஞ்சது எண்டு கேப்பீங்க. தங்கச்சிக்கு ஏ2 5.2 வந்திச்சி, காவி. அம்மாவும் காவி. மச்சான் ஒரு கிழமை ஒளிச்சித் திரிஞ்சாரு, ஊசிக்குப் பயம் எண்டு சொன்னாரு, மாமி வந்து "என்னகா இது புதுப் பழக்கம்" எண்டு முகத்தத் தூக்கினா, கடைசியில பெத்தாதான் அந்த ரெண்டு சின்னப் பிள்ளைகள்ட பேரையும் சொல்லி "போய் எடுத்திட்டு வா மனே" எண்டா. அவருக்கு 2.6, எம்.சி.வியும் சரி, காவி இல்ல. ஆவணியில கலியாணம் நடந்திச்சி. இப்ப மருமகனுக்கு மூண்டு வயசு, முற்றம் முழுக்க ஓடித் திரியிறான், காவியா இருக்க சான்ஸ் சரி பாதி. தாள்ல அவன்ட சதுரத்துக்குள்ள பென்சிலால ஒரு கேள்விக்குறி போட்டு சாதகக் கட்டோட சேர்த்து அலுமாரியில வெச்சிருக்கம்.